வலது முழங்காலில் ஒரு டிக்

வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு லிஃப்ட் கிடையாது. கீழே சாவிக் கடை, அதற்கு மேலே பல் டாக்டர், அதற்கும் மேலே இவர். ஆஸ்பத்திரிகளில் தவறான சிகிச்சையால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடுகிற ஒருவர், நல்ல கால் உள்ளவர்களுக்கே மூச்சு வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது அநியாயம் என்று அவருடைய கொழுந்தன் அடிக்கடி சண்டை போடுவார். வக்கீலம்மா சிரித்தபடி கேட்டுக்கொள்வாரே தவிர, இடத்தை மாற்றுகிற வழியாக இல்லை.

அன்று காலை படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு கைத்தடி, ஒரு கால், ஒரு முனகல். மறுபடி கைத்தடி, இன்னொரு கால், இன்னொரு முனகல்.

"ரெண்டு பேர் வர்றாங்க அண்ணி," என்றார் கொழுந்தன், கண்ணை மூடிக்கொண்டு. "ஒருத்தருக்கு இடது கால் போச்சு, இன்னொருத்தருக்கு வலது கால் போச்சு. ஒரே விபத்துதான். பைக்கா இருக்கும்."

கதவைத் திறந்துகொண்டு வந்தது ஒரே ஆள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான தேகம், நகக்கண்ணில் பெயிண்ட், சட்டைப்பையில் தடித்த பேனா ஒன்று. அவருக்குப் பின்னால் துணிப்பையும் கடுகடுத்த முகமுமாக அவருடைய மனைவி.

"ரெண்டு காலும் ஒரே ஆளுக்குப் போகும்னு நான் என்ன கனவா கண்டேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இந்தக் கொழுந்தனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கையுறை, ஊசி, கட்டுத்துணி என்று ஆஸ்பத்திரிச் சாமான்களை ஊர் ஊராக விற்றவர். கம்பெனியை மூடியதும் அண்ணியிடம் வந்து ஒட்டிக்கொண்டார். கார் ஓட்டுவார், டைப் அடிப்பார், எந்த வழக்கானாலும் அதில் ஒரு கொலையைத் தேடுவார். வக்கீலம்மா அதற்கு நேர் எதிர். சட்டம் படிப்பதற்கு முன் பல வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவர். அந்த நாட்களில் படிந்த ஒரு பழக்கம் இன்னும் அவரை விடவில்லை. மேஜையில் எந்தத் துணி கிடந்தாலும் எடுத்து உதறி, ஓரம் சேர்த்து மடித்து வைக்காமல் அவரால் பேச முடியாது.

"சொல்லுங்க," என்றார்.

வந்தவர் கடைகளுக்கு போர்டு எழுதுகிற பெயிண்டர். ஏணிதான் அவருடைய நாற்காலி. இடது முழங்காலில் உள்பக்க ஜவ்வு கிழிந்து, ஏறவும் இறங்கவும் வலித்திருக்கிறது. சின்னத் துளை போட்டுச் சரிசெய்கிற அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். வார்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் கட்டு வலது முழங்காலில் இருந்திருக்கிறது.

"கொஞ்சம் வெட்டினதுக்கு அப்புறம்தான் சந்தேகம் வந்து நிறுத்தினாங்களாம். இப்ப வலது முட்டி வீங்கியே கிடக்கு. இடது முட்டி பழைய மாதிரியே வலிக்குது. ஏணியை நெனச்சாலே பயமா இருக்குங்க."

"ஆஸ்பத்திரில என்ன சொல்றாங்க?"

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். பதிலை அவர் மனைவிதான் சொன்னார்.

"இவரே போட்டுக்கிட்டாராம்! இடது முட்டில டாக்டரம்மா டிக் போட்டுட்டுப் போயிருக்காங்க. இவர் படுத்துக்கிட்டே வலது முட்டில இன்னொரு டிக் போட்டுக்கிட்டாராம். அதைப் பாத்துட்டுத்தான் அந்தக் காலை வெட்டினாங்களாம். நாளைக்குக் காலைல வந்து, 'என் தப்புதான்'னு கையெழுத்துப் போட்டா, இடது முட்டியை இலவசமா பண்ணித் தர்றாங்களாம்."

"நீங்க போட்டீங்களா?" என்று பெயிண்டரைக் கேட்டார் வக்கீலம்மா.

"தெரியலைங்க." பெயிண்டரின் கை சட்டைப்பைக்குப் போனது. "பதற்றத்துக்குன்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. அதுக்கப்புறம் எல்லாம் மசமசன்னு இருக்கு. டாக்டரம்மா வந்து குனிஞ்சு நின்னது ஞாபகம் இருக்கு. குளிர்ல நடுங்கினது ஞாபகம் இருக்கு. நான் கேட்க வந்தது நஷ்ட ஈடு இல்லைங்க. நான் போட்டேனா, போடலையா? அதைச் சொல்லுங்க போதும்."

சொல்லிக்கொண்டே அவர் எதிரே கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு குருவி வரைந்துகொண்டிருந்தார். பேனா இடது கையில் இருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மனைவி. "இந்தக் கை சும்மா இருக்காதுங்க. பால் பாக்கெட்டுல வரைவார், பேப்பர்ல வரைவார், தூங்கற புள்ள உள்ளங்கால்ல வரைவார். காலை வச்சுக்கிட்டு சும்மா படுங்கன்னா படுத்திருப்பாரா? மருந்து வாங்கப் போன கொஞ்ச நேரத்துல வேலையைக் காட்டிட்டார்."

பெயிண்டர் பேனாவைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மனைவி துணிப்பையைக் கவிழ்த்தார். இடது கால் ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய இரண்டு புகைப்பட நகல்கள், தொடை வரை வருகிற வெள்ளைக் காலுறை ஒன்று. அறுவை செய்யாத காலில் ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுவார்களே, அந்த இறுக்கமான காலுறை.

"இதைத் திருப்பிக் கேட்பாங்களோ என்னவோன்னு கொண்டு வந்தேன். ரெண்டு தடவை ஊற வச்சுத் துவைச்சுட்டேன், கறை போவ மாட்டேங்குது."

கொழுந்தன் பாய்ந்து புகைப்படங்களை எடுத்தார். இரண்டும் கறுப்பு வெள்ளை. அறுவையை நிறுத்திய பிறகு எடுத்தவை. முதல் படத்தில் காலுறையைக் கீழே இறக்கி இடது முழங்காலின் உள்பக்கத்தைக் காட்டியிருந்தார்கள். அங்கே ஒரு டிக். இடப்பக்கம் குட்டைக் கோடு, வலப்பக்கம் நெட்டைக் கோடு. உலகம் பூராவும் போடுகிற டிக். இரண்டாவது படம் வலது முழங்காலின் உள்பக்கம். அங்கேயும் டிக் இருந்தது, ஆனால் திரும்பி நின்றது. நெட்டைக் கோடு இடப்பக்கம், குட்டைக் கோடு வலப்பக்கம். கொஞ்சம் மங்கல். நெட்டைக் கோட்டின் நடுவில் நூலளவு விட்டுப்போயிருந்தது.

"இடது கைக்காரங்க சில பேர் டிக்கை இப்படித்தான் திருப்பிப் போடுவாங்க," என்றார் பெயிண்டர் மெதுவாக. "நானும் அப்படித்தான். அதைத்தான் நிர்வாகி காட்டினார். டாக்டரம்மா வலது கைக்காரங்க."

கொழுந்தனின் முகம் தொங்கிவிட்டது. வெளியே எங்கோ இருந்த எதிரி உள்ளேயே உட்கார்ந்திருப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. "நடுவுல விட்டுப்போயிருக்கே, அது?" என்று நப்பாசையோடு கேட்டார்.

"பேனா காஞ்சிருக்கும்," என்றார் பெயிண்டர்.

வக்கீலம்மா அவருடைய இரண்டு முழங்கால்களையும் பார்க்க வேண்டும் என்றார். வலது முழங்கால் வீங்கி, துளை போட்ட தழும்புகள் மட்டும் சிவந்திருந்தன. உள்பக்கத் தோல் வழவழவென்று இருந்தது. இடது முழங்காலின் உள்பக்கம் ஒரு பழைய தழும்பு மெல்லிய வரப்பாக மேலெழும்பி ஓடியது. முன்பு போர்டு மாட்டும்போது தகரம் கிழித்ததாம்.

"ஆபரேஷன் தியேட்டர்ல உங்களை மயக்கத்துல வச்சாங்களா?"

"இல்லைங்க, முதுகுல ஊசி. கால் ரெண்டும் மரத்துப்போச்சு, ஆனா முழிப்புதான். நெஞ்சுக்கு நேரா துணி கட்டியிருந்தாங்க, ஒண்ணும் தெரியாது. பெரிய டாக்டர் வந்தது கேட்டுது. 'மார்க் இருக்கா?'ன்னார். 'இருக்கு சார்'னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. அவ்வளவுதான்."

"உங்களை யாரும் எதுவும் கேக்கலையா?"

"'குளிருதா?'ன்னு கேட்டாங்க."

வக்கீலம்மா அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "மருந்து வாங்கிட்டு நீங்க வார்டுக்குத் திரும்பி வந்தப்ப இவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

"என்ன பண்ணுவார்? பட்டினி வேற, ஏசி வேற. இறால் மாதிரி ஒருக்களிச்சுச் சுருண்டு கிடந்தார். வீட்டுலயும் அப்படித்தான். படுக்கையில பாதி இடம் எனக்கு மிஞ்சறது அதனாலதான்."

"சரி," என்றார் வக்கீலம்மா. "ஒண்ணு புரிஞ்சுக்குங்க. சிகிச்சை சரியா வரலைங்கறதாலேயே டாக்டர் தப்புப் பண்ணார்னு ஆகாது. நல்ல டாக்டர் கையிலயும் சில சமயம் கெட்டது நடக்கும். சட்டம் கேக்கறது வேற. கவனமான ஒரு டாக்டர் அந்த இடத்துல என்ன பண்ணியிருப்பாரோ, அதை இவங்க பண்ணாங்களா? பண்ணாததாலதான் இந்தச் சேதம் வந்துதா? அதை நாமதான் காட்டணும். ஆனா உங்க விஷயத்துல ஒரு பெரிய வசதி இருக்கு. நீங்க சம்மதம் குடுத்தது இடது காலுக்கு. வலது காலைத் தொட உங்ககிட்ட யாருமே அனுமதி வாங்கலை."

"அப்ப நானே டிக் போட்டிருந்தா?"

"போட்டிருந்தாலும் கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி சரிபாக்கறது அவங்க கடமை. ஸ்கேன் படம் இருக்கு, உங்க சம்மதம் இருக்கு, எல்லாத்துக்கும் மேல முழிச்சிட்டிருந்த நீங்க இருக்கீங்க. வழக்குல உங்க பங்கும் இருக்குன்னு அவங்க வாதாடலாம், அவ்வளவுதான்."

"அது வழக்குங்க," என்றார் பெயிண்டர். "எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. என் கையை நானே நம்பாம எப்படி மறுபடி பிரஷ் பிடிப்பேன்?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வக்கீலம்மாவின் கை தன்பாட்டில் அந்தக் காலுறையை எடுத்தது. உதறினார். ஓரம் சேர்ப்பதற்காக உள்பக்கத்தை வெளியே திருப்பினார். திருப்பிய கை அப்படியே நின்றது. முழங்கால் வருகிற இடத்தில் கருநீலக் கறை ஒன்று அழுத்தமாகப் படிந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு மற்றத் துணிகளை மடிப்பதுபோலவே மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இதை ஆஸ்பத்திரிக்குத் திருப்பித் தர வேண்டாம்," என்றார். "நாளைக்கு எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. நானும் வரேன். உங்க சட்டைப்பைப் பேனாவையும் கொண்டு வாங்க."

அவர்கள் இறங்கிப் போனதும் கொழுந்தன் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு அண்ணி! அந்த டாக்டரம்மாதான் ரெண்டு கால்லயும் போட்டுட்டு, ஒண்ணை மட்டும் இடது கையால போட்டிருக்காங்க. பழியை இவர் மேல போட."

"எதுக்கு?"

"அதான் தெரியலை."

"தம்பி, நீங்க வித்த சாமான்ல ஆபரேஷனுக்கு அடையாளம் போடற பேனாவும் உண்டுல்ல? அந்த மை துணியில பட்டா போகுமா?"

"தாராளமா போகும். ஊற வச்சாலே வெளுத்துடும். தோல்லயும் போட்ட உடனே காஞ்சுடும். நானே எத்தனை பெட்டி வித்திருக்கேன்!"

"அப்ப மீதியும் உங்களுக்கே தெரியும்," என்றார் வக்கீலம்மா.

கொழுந்தனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று முழுக்க அண்ணியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வக்கீலம்மா டீ போட்டுக் கொடுத்தாரே ஒழிய வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பக்கம் பெரிய டாக்டர். நரைத்த தலை, இஸ்திரி கலையாத கோட்டு. அவருக்குப் பக்கத்தில் நிர்வாகி, முன்னால் 'என் தப்புதான்' என்று பெயிண்டர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம், பேனாவோடு தயாராக. எதிரே அடையாளம் போட்ட சின்ன டாக்டரம்மா, அவரை ஒட்டித் தியேட்டர் நர்ஸ். வக்கீலம்மா கேட்டதால்தான் இந்த இருவரும் வந்திருந்தார்கள். சின்ன டாக்டரம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சுருக்கமா முடிச்சுடலாம்," என்றார் நிர்வாகி. "இவர் பேர்ல எங்களுக்குக் கோபமில்லை. பதற்றத்துல யாரும் செய்யக்கூடியதுதான்."

"முடிச்சுடலாம்," என்றார் வக்கீலம்மா. "முதல்ல தியேட்டர்ல என்ன நடந்துதுன்னு பாப்போம். சிஸ்டர், நீங்க இவர் இடது காலுக்குக் காலுறை போட்டீங்க. ஏன் இடது காலுக்கு?"

"வலது கால்ல டிக் இருந்துதுங்க. நான் நின்னது அந்தப் பக்கம்தான். அப்ப மத்தக் காலுக்குத்தானே காலுறை? போர்வைக்கு உள்ளேயே கையை விட்டுப் போட்டேன். பாவம், நடுங்கிட்டிருந்தார்."

"அதனால இடது கால்ல இருந்த டிக்கை நீங்க பாக்கலை."

"இல்லைங்க."

"வார்டுல டிக் போட்ட டாக்டரம்மா தியேட்டர்ல இருந்தாங்களா?"

"அவங்களை வேற அவசரத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க."

"சரி, இப்ப டிக்குக்கு வருவோம்." வக்கீலம்மா இரண்டு படங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "வலது முட்டில இருக்கறது திரும்பின டிக். இடது கைக்காரர் போட்டா இப்படித் திரும்பும், நிஜம்தான். ஆனா டிக் திரும்பறதுக்கு இன்னொரு வழியும் இருக்கு. தம்பி, உள்ளங்கையைக் காட்டுங்க."

கொழுந்தன் பெருமையோடு இடது கையை நீட்டினார். வக்கீலம்மா பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, கத்தரியால் மெல்லிய கீற்றாக வெட்டி அவருடைய உள்ளங்கையில் குறுக்கே ஒட்டினார். பிறகு பெயிண்டரின் பேனாவை வாங்கி, அந்தக் கீற்றின் மேலேயே ஓடுகிற மாதிரி ஒரு டிக் போட்டார். சாதாரண டிக்தான். கீற்றை உரித்தார். நெட்டைக் கோட்டின் நடுவில் நூலளவு இடைவெளி விழுந்திருந்தது.

"இப்ப ரெண்டு கையையும் சேர்த்து அழுத்துங்க."

கொழுந்தன் அழுத்தினார். பிரித்தபோது வலது உள்ளங்கையிலும் ஒரு டிக் இருந்தது. திரும்பி நின்ற டிக். கொஞ்சம் மங்கல். நெட்டைக் கோட்டின் நடுவில் அதே இடைவெளி.

பெயிண்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இவர் இடது முட்டியோட உள்பக்கம் தகரம் கிழிச்ச தழும்பு இருக்கு," என்றார் வக்கீலம்மா. "மேடான தழும்பு. அதுமேல பேனா ஓடினா கோடு விட்டுத்தான் போகும். முதல் படத்துலயும் உத்துப் பாருங்க, விட்டிருக்கு. வலது முட்டில தழும்பே இல்லை, வழவழன்னு இருக்கு. அங்க ஏன் அதே இடத்துல கோடு விட்டுப்போகணும்? வலது முட்டில யாரும் எதையும் எழுதலை, சார். இடது முட்டில இருந்தது அங்க பதிஞ்சுது. டாக்டரம்மா போனதும் இவர் குளிர்ல ஒருக்களிச்சுச் சுருண்டு படுத்தார். முட்டியும் முட்டியும் உள்பக்கமா ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான் நடந்தது."

"இருங்க," என்றார் பெரிய டாக்டர். படங்களை இழுத்து மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "இது நடக்காது. எங்க பேனா மை போட்ட உடனே காஞ்சுடும். அப்படிப் பதியாது."

"அதைத்தான் அண்ணி கேட்டாங்க!" என்று துள்ளினார் கொழுந்தன். நேற்றிலிருந்து பூட்டிக் கிடந்த கதவு அவருக்கு இப்போதுதான் திறந்தது. "நம்ம பேனான்னா பதியாது சார். துணியில பட்டாலும் துவைச்சா போயிடும். ஆனா…" மேற்கொண்டு என்ன என்று தெரியாமல் அண்ணியைப் பார்த்தார்.

வக்கீலம்மா மடித்து வைத்திருந்த காலுறையை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி மேஜைமேல் விரித்தார்.

"இது இடது கால்ல போட்டது. இதுக்குள்ள படிஞ்ச கறை, டாக்டரம்மா இடது முட்டில போட்ட டிக்கோட கறை. இந்தம்மா ரெண்டு தடவை ஊற வச்சுத் துவைச்சிருக்காங்க, போகலை. பெயிண்டர் சார், உங்க பேனா கறை துணியில பட்டா?"

"தின்னர் போட்டாத்தாங்க போகும்," என்றார் பெயிண்டர். "இது தகரத்துல எழுதற பெயிண்ட் பேனா. தகரத்துல சீக்கிரம் காயும். தோல்ல பட்டா லேசுல காயாது, பிசுபிசுன்னே இருக்கும்."

"ஆக, டாக்டரம்மா போட்டதா எல்லாருமே ஒத்துக்கற அந்த இடது டிக்கும் இவர் பேனாவாலதான் போட்டிருக்கு. இவர் பேனா டாக்டரம்மா கைக்குப் போகாம அது நடக்காது." வக்கீலம்மா குரலை உயர்த்தவில்லை. "உங்களை அதட்டறதுக்காகச் சொல்லலைம்மா. என்ன நடந்துதுன்னு நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும்."

சின்ன டாக்டரம்மாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என் பேனாவைக் காணோம். எல்லாப் பாக்கெட்டுலயும் தேடினேன். இன்னும் ரெண்டு வார்டு பாக்கணும், போன் மேல போன் வந்துட்டிருக்கு. இவர் சட்டை நாற்காலியில தொங்கிச்சு, பையில பேனா இருந்துது. எடுத்துப் போட்டுட்டுத் திரும்ப வச்சுட்டேன். அடையாளம் போடறதுக்குன்னு இருக்கற பேனாதான் உபயோகிக்கணும்னு விதி. அப்புறம் இப்படி ஆனதும் பயந்துட்டேன். அவரே போட்டுக்கிட்டார்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதைத்தான் நம்பினேன். சத்தியமா பதிஞ்சிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. ஆனா பேனாவைச் சொன்னா வேலை போயிடும்னு சொல்லலை." அவர் பெயிண்டரைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. உங்களைப் பழி சொன்னப்ப நான் வாயைத் திறந்திருக்கணும்."

நிர்வாகிக்கு நாற்காலி சுட்டது. "அப்ப இது எதிர்பாராத விபத்து," என்றார் அவசரமாக. "மை பதிஞ்சது யாரோட அலட்சியமும் இல்லையே?"

"மை பதிஞ்சது அலட்சியம் இல்லை," என்றார் வக்கீலம்மா. "ஒரு பேனாவைக் கடன் வாங்கினதுக்காக ஒருத்தர் கால் போகக்கூடாது. அப்படிப் போகாம இருக்கத்தான், கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கையை நிறுத்தணும்னு ஒரு முறை இருக்கு. யார் நோயாளி, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்னு ஒருத்தர் சத்தமா சொல்லணும். ஸ்கேனோட ஒத்துப்பாக்கணும். நோயாளி முழிச்சிருந்தா அவரையே கேக்கணும். நான் நர்ஸா இருந்தப்ப அதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. சார், அன்னிக்கு நீங்க உள்ள வந்ததும் என்ன கேட்டீங்க?"

பெரிய டாக்டர் கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தார். வெகுநேரம் அந்தக் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'மார்க் இருக்கா'ன்னு கேட்டேன்," என்றார் கடைசியில். "எந்தக் கால்னு கேக்கலை. இடது கால் ஸ்கேன் எனக்கு நேரா சுவத்துல மாட்டியிருந்துது. இவர் முழிச்சிட்டுத்தான் இருந்தார். துணியைக் கொஞ்சம் இறக்கிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் நிர்வாகியின் முன்னால் இருந்த காகிதத்தை எடுத்தார். இரண்டாக மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு பெயிண்டரிடம் போனார்.

"உங்க மேல தப்பில்லை. தப்பு என்னோடது. அதை எழுதியே குடுக்கறேன்."

பெயிண்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தன் இடது கையை விரித்துப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கொழுந்தன் ஆறுதல் சொல்ல ஓடி, அவர் தோளைத் தட்டி, வெள்ளைச் சட்டையில் நல்ல நீலத்தில் ஒரு டிக்கைப் பதித்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் மனைவி கணவருக்கு எதிரே நின்றார்.

"ஏங்க, என்னைத் திட்டுங்க. நல்லா திட்டுங்க. ஊரே சொன்னாலும் நான் நம்பியிருக்கக்கூடாது. அன்னிக்கிலேருந்து உங்க கையைப் பாக்கறப்பல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்துது."

"நானே என்னை நம்பலை," என்றார் பெயிண்டர். "நீ எப்படி நம்புவ? விடு."

"விடமாட்டேன்," என்று சொல்லி அவர் கைத்தடியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்தார்.

காரில் போகும்போது கொழுந்தன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சோப்பு போட்டேன், ஷாம்பு போட்டேன், போகலை. அண்ணி, முன்னாடியே தெரிஞ்சுதான் என் கையில போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"உங்க கையில போட்டிருக்கலாமே?"

"நான் எதுக்குத் தம்பி?" என்றார் வக்கீலம்மா. "கொழுந்தன்னு ஒருத்தர் எதுக்கு இருக்கார்?"

வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. ஆஸ்பத்திரி தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஏணி ஏற முடியாத நாட்களுக்கும், கெட்டுப்போன முழங்காலுக்கும் ஈடு கொடுத்தது. இடது முழங்காலை இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று அவர்கள் மறுபடி சொன்னபோது, வேறு டாக்டரிடம் போகிற உரிமையும் தனக்கு உண்டு என்பதைப் பெயிண்டர் மரியாதையாக ஞாபகப்படுத்தினார். வலது முழங்கால் முழுசாகத் தேறாது என்று அந்த வேறு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இனி உயரமான ஏணி வேண்டாம், தாழ்வான போர்டுகளை எழுதலாம் என்றார். பெயிண்டர் அதைக் கேட்டுக்கொண்டார். அந்தத் துக்கம் அவருக்கு இருந்தது, ஆனால் அதில் தன்மேல் சந்தேகம் கலந்திருக்கவில்லை.

இரண்டாவது அறுவைக்கு முன் அவர் வேறு ஒரு வார்டில் படுத்திருந்தார். காலையிலிருந்து எந்தக் கால் என்று கேட்காத ஆள் கிடையாது. டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டார், தள்ளுவண்டிக்காரர் கேட்டார். எல்லோருக்கும் "இடது" என்று சொல்லி, கடைசியில் தரை துடைக்க வந்தவர் "தண்ணி வேணுமா?" என்றபோதுகூட "இடது" என்றார்.

டிக் போட்டுவிட்டு டாக்டர் போனதும், மனைவி வீட்டிலிருந்து கொண்டு வந்த தலையணையைப் பையிலிருந்து எடுத்து, அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்தார்.

"இது எதுக்கு?"

"ரெண்டு முட்டியும் ரகசியம் பேசாம இருக்க."

பெயிண்டர் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருடைய இடது கை வழக்கம்போல் எதையோ தேடிப் படுக்கை விரிப்பில் அலைந்தது. மனைவி அதைப் பார்த்தார். நாற்காலியில் தொங்கிய சட்டையிலிருந்து பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தார். பிறகு தன் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"வரையணும்னா இதுல வரைங்க."

அவர் ஒரு டிக் போட்டார். திரும்பி நிற்கிற, அவருக்கே உரிய டிக். அது காய்கிற வரைக்கும் அந்த அம்மாள் கையை மூடவே இல்லை.